நீ லேமினேட் செய்து வைத்த என் பாவங்கள்

ஆபீசர் எழுதுகிறேன். உன்னைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நீ போன பிறகு அந்தப் பெயர் சும்மா கிடந்தது. இன்று அதற்குக் கொஞ்சம் வேலை வந்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பா. பாப்பிரெட்டிப்பட்டியில் நீ வைத்திருந்த மோட்டார் ரீவைண்டிங் கடையை இனி வேறொருவர் எடுத்து நடத்தப் போகிறாராம். மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது இந்த டப்பா கிடைத்ததாம்.

“அண்ணா, இதுல பூராவும் ஸ்குரூவும் வாஷரும் தாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்க கையெழுத்துல இருக்குது. படிச்சன். சிரிச்சன். அப்பறம் அழுதன். அப்பறம் மறுபடியும் சிரிச்சன். நீங்களே வெச்சிக்கங்க.”

மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை வந்தது. மோட்டார் காயிலுக்கு நீ ஊற்றும் அதே வார்னிஷ். உன் சட்டை, உன் மொபெட்டின் கைப்பிடி, நீ நீட்டும் காபித் தம்ளர் எல்லாவற்றிலும் அந்த வாசனை இருக்கும். கோவிலில் நீ புரட்டிய வாசக நூலின் பக்க ஓரங்களில்கூட இருக்கும். ஸ்குரூக்களின் மேல், வளைத்துச் செருகப்பட்டு, ஒரு கோடிட்ட தாள். நான்காக மடித்த தடம் தெரிந்தது. மேல் மூலையில் உன் பெருவிரல் ரேகை, தேன் நிறத்தில். எண் போட்டு ஏழு வரிகள், என் கையெழுத்தில். அதை நீ லேமினேட் செய்து வைத்திருக்கிறாய். அடுத்தவன் பாவங்களுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுப் பாதுகாத்த மனிதன் தர்மபுரி மாவட்டத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

தாளின் பின்பக்கத்தில் இருந்ததைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு எதுவும் வரிசையில் வந்தால்தான் வரும் என்பது உனக்குத் தெரியும்.

மண் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு நான் ஓய்வு பெற்ற ஆண்டு, பங்குச் சாமியார் என்னை அழைத்து, ஞாயிறு பூசையில் ஒவ்வொன்றுக்கும் சபை பதில் சொல்லும் விசுவாசிகளின் மன்றாட்டுகளை நீங்களே எழுதி நீங்களே படியுங்கள் என்றார். எழுதுவதில் சிரமம் இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். படிக்கப் போனபோதுதான் வந்தது வினை. மேடை ஏறி, மைக்கைப் பார்த்து, “திருச்சபைக்காக” என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை. மூன்றாவது வரிசையில் நீ எப்போதும் உட்காரும் இடத்திலிருந்து எழுந்து வந்தாய். என் தோளில் கை வைத்து, தாளை வாங்கி, நான் விட்ட சொல்லிலிருந்தே படித்தாய். உன் குரலுக்கு மைக் தேவையே இல்லை. வெளியே வந்ததும், “நீ எழுது ஆபீசர், நான் கத்தறன். ஆண்டவருக்கு ரெண்டும் வேணும்” என்றாய். அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னால் தாளை உன் கையில் கொடுப்பேன். கடினமான சொல் இருந்தால் ஒரு முறை சொல்லிக் காட்டுவேன். நீ மீசையைத் தடவிக்கொண்டு கேட்பாய்.

நான் எழுதுவதில் மன்றாட்டுகள் மட்டும் இல்லை, இன்னொன்றும் உண்டு என்று உனக்குத் தெரியும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டுதான் போவேன். எண் போட்டு, எத்தனை முறை என்ற கணக்கும் போட்டு. அதையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பேன். நீ ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

“மண்ணு சாம்பிள் எடுக்கற மாதிரி பாவத்தையும் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டறியே. மேல என்னா, லேபா வெச்சிருக்காங்க?”

எண் போடாத பொட்டலத்தை எங்கள் நிலையத்தில் பரிசோதனைக்கு எடுக்க மாட்டோம். எண் தவறினால் ஒருவர் நிலத்தின் குறை இன்னொருவர் தலையில் விழும். அந்தப் பயம் எனக்கு வேலையோடு போகவில்லை. ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் மன்னிப்பில் ஓர் ஓட்டை விழுந்துவிடும் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். உனக்கு அந்தப் பயமே கிடையாது. மரக்கூண்டு போன்ற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவாய். உன்னை அலட்சியக்காரன் என்றும் சில சமயம் நினைத்ததுண்டு. அதை அப்போது பட்டியலில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன்.

மூன்று ஆண்டுக்கு முன் தவக்காலம் தொடங்கி இரண்டாவது நாள், கடைக்குப் போய்வந்த என் மனைவி செலினா வாசலிலேயே நின்று சொன்னாள். உன் வயிற்றில் கட்டி என்று சேலத்தில் சொல்லிவிட்டார்களாம். ஊசி போடலாம், நாளை நீட்டலாம், ஆனால் முழுசாகத் தீராதாம்.

“உடனே போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

“போறன். என்ன பேசறதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுப் போறன்.”

அந்த ஒரு நிமிடம் மூன்று வாரம் ஆயிற்று.

உட்கார்ந்து எழுதினேன். ‘இறைவனின் திட்டம்’ என்று தொடங்கினேன். இறைவனின் திட்டம் எனக்கு என்ன தெரியும் என்று அடித்தேன். ‘தைரியமாக இரு’ என்று எழுதினேன். மைக்கைக் கண்டு ஓடிவந்தவன் உனக்குச் சொல்லும் சொல்லா அது என்று அதையும் அடித்தேன். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது பொய். ஒரு தாள் முழுக்க அடித்தலாயிற்று. இதற்கிடையே உன் வீட்டு வழியாகப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கடைவீதிக்குப் போகவும் கோவிலுக்குப் போகவும் உன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனேன். முக்கால் மைல் கூடுதல். சீமைக்கருவேல முள் ஒருமுறை செருப்பையும் துளைத்தது. அப்போதும் வழியை மாற்றவில்லை.

மன்றாட்டுத் தாளையும் உன் கையில் கொடுப்பதை நிறுத்தினேன். விடியற்காலையிலேயே கோவிலுக்குப் போய், வாசக மேடையில் இருக்கும் புத்தகத்துக்குள் தாளை வைத்துவிட்டு, நீ வரும்முன் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். நீ அந்த மூன்று ஞாயிறும் வந்தாய். கொஞ்சம் இளைத்திருந்தாய். குரல் மட்டும் இளைக்கவில்லை. பூசை முடிந்ததும் நீ என்னைத் தேடுவது தெரியும். நான், சாமியார் பூசை உடுப்பு மாற்றும் சக்கிறிஸ்து அறைப் பக்கமாக வெளியேறிவிடுவேன்.

மூன்றாவது ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். உன்னைப் பார்க்க வராத பாவத்துக்கு மன்னிப்பு வாங்க நினைத்தேனே தவிர, உன்னைப் பார்க்க வர நினைக்கவில்லை. எத்தனை முட்டாள்தனம் பார். ஆகவே அன்று சட்டைப் பையில் இரண்டு தாள்கள். இரண்டும் கோடிட்டவை, இரண்டும் நான்காக மடித்தவை, இரண்டிலும் ஏழு எண்கள். ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்தேன். மற்றதோடு பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரே ஓர் அம்மா இருந்தபோது மணி அடித்துவிட்டது. “மிச்சம் இருக்கறவங்க பூசைக்கப்பறம் வாங்க” என்று சொல்லிவிட்டுச் சாமியார் எழுந்து போனார்.

விசுவாசப் பிரமாணம் முடிந்தது. நீ மேடை ஏறினாய். தாளை விரித்தாய். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, வழக்கமான கம்பீரத்தோடு படித்தாய்.

“காலைச் செபம் சொல்லும்போது தேங்காய்ச் சட்னி நினைவு வந்தது. மூன்று முறை.”

கோவிலில் ஓர் அசைவும் இல்லை. பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். எடுத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. நீ தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கீழ்வரை ஒரு பார்வை போய்த் திரும்பியது. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தாளை மடித்துவிட்டு இறங்கியிருப்பார்கள். நீ பெருமூச்சு ஒன்று விட்டு, அதே குரலில் தொடர்ந்தாய்.

“என்று வருந்துகிற அனைவருக்காகவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

பழக்கத்தால் சபை முழுவதும் ஒன்றாகச் சொல்லிற்று: “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

“மனைவி சொன்னதைக் கேட்டும் கேளாதவர் போல் இருக்கிற கணவர்களுக்காக. அது இருபது முறைக்குக் குறையாது என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்காக.” இதற்குப் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த பதில் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது.

“கீபோர்டு வாசிப்பவர் தாளம் தவறும்போது எரிச்சல் அடைகிறவர்களுக்காகவும், கீபோர்டு வாசிப்பவருக்காகவும்.” கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பேருந்தில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணைக் கண்டதும், பொம்மிடியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வரை தூங்குவதுபோல் நடிக்கிறவர்களுக்காக.” ஆண்கள் பக்கம் பலர் கீழே குனிந்தார்கள். நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

சரிபார்க்காமல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர்களுக்காக மன்றாடினாய். தான் எழுதியதை யாராவது பாராட்டுவார்களா என்று காத்திருக்கிறவர்களுக்காகவும் மன்றாடினாய். அதைப் படிக்கும்போது உன் மீசை கொஞ்சம் அசைந்தது. அடுத்து ஏழாவது.

ஏழாவதில் நான் எழுதியிருந்தது இது: ‘நோயுற்ற நண்பனைப் பார்க்கப் பயந்து மூன்று வாரமாக ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன்.’

நீ அதை வாய்க்குள் படித்தாய். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பக்கமும் கால் மாற்றி நின்றாய். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். என் நட்பு அந்த நிமிடத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆறையும் நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். இதை எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

“நோயுற்ற நண்பனைப் பார்க்கப் பயந்து ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறவர்களுக்காக,” என்றாய். குரலில் கரகரப்பு இருந்தது. “அவர்கள் காலில் முள் குத்தாமல் இருக்கவும், அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர அந்த நண்பனுக்குப் போதுமான பலம் கிடைக்கவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

சபை பதில் சொல்லிற்று. நானும் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிற்று.

பூசை முடிந்ததும் ஆட்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னைக்கு மன்றாட்டு எங்க வூட்டுக்காரருக்குன்னே எழுதுனாப்ல இருந்துதுங்க.” “சட்னி மேட்டரு நான் யாருகிட்டயும் சொல்லலியே, உங்களுக்கு எப்படித் தெரியும்?” யாருக்கும் அவை யாருடையவை என்று தெரியவில்லை. நீயும் சொல்லவில்லை. செலினா மட்டும் என் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல், “ரெண்டாவதுல இருபதுன்னு போட்டது தப்புங்க. பக்கத்துல இன்னொரு சைபர் போட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். சாமியார் வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். பழக்கத்தில் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தேன். ‘திருத்தந்தைக்காகவும் ஆயர்களுக்காகவும்’ என்று இருந்தது. மடித்து வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தாள் இல்லாமல் சொன்னேன். சட்னி என்றதும் மறுபக்கம் இருமல் கேட்டது. பொம்மிடி என்றபோது இருமல் அதிகமாயிற்று. ஏழாவதைச் சொன்னபோது சத்தமே இல்லை. பிறகு சாமியார் சொன்னார்: “வெளிய யாரோ வண்டி ஸ்டார்ட் பண்றாங்க, கேக்குதுங்களா? போய் அதுல ஏறிக்கங்க. அதான் உங்களுக்கு அபராதம்.”

நீ வேப்பமரத்தடியில் மொபெட்டில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாய்.

“என்னா ஆபீசர், முள்ளு எந்தக் காலு?”

“வலது.”

“எடுத்தாச்சா?”

“எடுத்துட்டன்.” பிறகு சொன்னேன்: “என்ன பேசறதுன்னு தெரியல. அதான் வரல.”

“தெரியலன்னா எழுதி வெச்சிருப்பியே. குடு.”

அதுவும் என் பர்சுக்குள் மடித்து இருந்தது. மூன்றாவது தாள். வாங்கிப் பிரித்துப் பார்த்தாய். “இறைவனின் திட்டம், அடிச்சிட்ட. தைரியமா இரு, அடிச்சிட்ட. சரியாயிடும், அதையும் அடிச்சிட்ட. நல்லது. கடைசியா ‘காபி குடித்தாயா’ன்னு ஒண்ணு இருக்குது. அத ஏன் அடிக்கல?”

“அதுல தப்பு ஒண்ணும் தெரியல.”

“அப்ப அதையே கேளு.”

“காபி குடிச்சியா?”

“இல்ல. ஏறு, போலாம்.”

உன் பின்னால் உட்கார்ந்து உன் வீட்டுக்கு வந்தேன். ஏரிக்கரை வழியாக இல்லை. இருநூறு அடிதான் இருந்தது. அந்த இருநூறு அடிக்கு மூன்று வாரம் சுற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம், நாள் தவறாமல் மாலை ஐந்து மணிக்கு வந்தேன். அழுகையும் கதறலுமாக அந்த மாதங்கள் போயிருக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் நினைக்கிறார்கள். நாம் சிரித்ததை அவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உனக்கு மாத்திரை அட்டவணை எழுதித் தந்தேன். நேரம், அளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் கட்டம் போட்டு. நீ அதைச் சுவரில் ஒட்டி, “இத்தனை வருஷமா உன் லிஸ்டு புத்திக்கு இப்பத்தான் ஆண்டவர் சரியான வேலை குடுத்திருக்காரு” என்றாய். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மாத்திரை போட்டுக்கொள்வதும் செபம் சொல்வதும் உனக்கு ஒரே காரியமாக இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நீ நினைக்கவில்லை.

உன்னைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு வகை. ஒரு கூட்டம் வாசலிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் தலையில் கை வைத்து, விசுவாசம் இருந்தால் நாளைக்கே எழுந்து ஓடலாம், இல்லாததால்தான் படுத்திருக்கிறாய் என்று சொல்லும். இரண்டாவது கூட்டம் போன ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. வெளியே காட்டத் தைரியம் இல்லாமல் நாற்காலியை நகர்த்தி வைத்தேன். நீ சொன்னாய்:

“வுடு. எல்லாம் நல்லவங்க தான். ஒருத்தன் இப்பவே குழி தோண்டறான். ஒருத்தன் இப்பவே கல்லறையத் தெறக்கறான். நடுவுல நான் ஒருத்தன் இன்னும் காபி குடிச்சிட்டு இருக்கறன். அது அவங்க கண்ணுக்குத் தெரியல.”

மாம்பழக் காலம் வந்தது. டாக்டரிடம் கெஞ்சி அரைப் பழத்துக்கு அனுமதி வாங்கினாய். தங்கச்சி அதைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தார். நீ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கொட்டைப் பக்கம் மிச்சமில்லாமல் தின்றாய். பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“என்ன?” என்றேன்.

“குடுத்த பாதிக்கு நன்றி சொல்லிட்டன். குடுக்காத பாதிக்கு இப்ப கொஞ்சம் முணுமுணுத்துட்டு இருக்கறன். ரெண்டும் செபம் தான், பயப்படாத. லிஸ்டுல எழுதிடாத.”

நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அடுத்த ஊசிக்கு உடம்பு தாங்குமா, தீபாவளிக்குள் என்ன ஆகும், அதற்குப் பின் என்ன ஆகும் என்று என் தலைக்குள் அட்டவணை ஓடிக்கொண்டே இருக்கும். உன் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணத்தைக் கண்டுபிடித்துவிடுவாய். “கர்த்தர் கற்பித்த செபத்துல அனுதின உணவுன்னு தான இருக்குது? அன்னன்னைக்குன்னு கேக்கச் சொல்லியிருக்காரு. பிரிட்ஜுல வெக்கறதுக்கு மொத்தமா கேக்கச் சொல்லல” என்றாய். அந்தச் செபத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிவருகிறேன். அதில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பதை நீ சொல்லித்தான் கவனித்தேன்.

ஒரே ஒரு முறை கேட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. சித்தேரி மலை மறைந்துபோயிருந்தது. உனக்குக் கால் வீங்கியிருந்தது. கேட்கலாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

“பயமா இருக்குதா?”

“இருக்குது” என்றாய் உடனே. நான் எதிர்பார்க்கவில்லை. “எதுக்கு இல்லன்னு சொல்லணும்? இயேசுவே சாவுக்கு முந்துன ராத்திரி தோட்டத்துல வேர்த்துப் போய் நின்னவர் தான. பயம் வந்தா உக்காரச் சொல்லு. துரத்துனா வூட்டச் சுத்திச் சுத்தி வரும். நாற்காலி போட்டுக் குடு. ஆனா மைக்க மட்டும் அது கையில குடுக்காத.”

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம். பிறகு, “எனக்கப்பறம் நீயே படி” என்றாய்.

“என்னால முடியாது. குரல் நடுங்கும்.”

“நடுங்கட்டும். அவங்க பதில் சொல்றதுக்குத்தான வந்திருக்காங்க. நல்லா பேசறானான்னு பாக்கறதுக்கா வந்திருக்காங்க?”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீ வற்புறுத்தவும் இல்லை.

கிறிஸ்துமசுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் வாரம், ஒரு செவ்வாய் மாலை, நான் வந்தபோது உன்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. வழக்கம்போல் “காபி குடிச்சியா?” என்றேன். தங்கச்சி ஒரு கரண்டியில் உன் உதட்டை நனைத்தார். நீ கண்ணைத் திறந்து, “மிச்சத்த ஆபீசருக்குக் குடு” என்றாய். குடித்தேன். மறுநாள் காலை நீ இல்லை. அடக்கப் பூசையில் மன்றாட்டுகளை நான் எழுதினேன். கீபோர்டு டீச்சர் படித்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அதன் பிறகும் அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு ஞாயிறும் உன் வார்த்தை நினைவுக்கு வரும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று டீச்சர் கையில் தாளைக் கொடுத்துவிடுவேன். இரண்டு தவக்காலம் இப்படியே போயிற்று. இது மூன்றாவது.

இப்போது பின்பக்கத்துக்கு வருகிறேன்.

தங்கச்சி போன பிறகு தாளைத் திருப்பினேன். நீல மையில், வரிக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் உன் கையெழுத்து. எண்ணும் போட்டிருக்கிறாய், என்னைப் பார்த்து.

‘8. ஆபீசர் மூணு வாரம் வரல. வாய்க்குள்ளயே திட்டிட்டு இருந்தன். எத்தனை தடவைன்னு எண்ணல, அது அவன் வேல. சாயங்காலமானா கதவ மட்டும் சாத்த வுடல. வந்தப்பறம் திட்டுறதுக்கு மறந்துட்டன்.’

நான் வராதது உன்னைப் பாதிக்கவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ பிறவியிலேயே அப்படி, எதையும் சிரித்துத் தள்ளிவிடுவாய், என் போன்றவர்களுக்கு அது வராது என்று நினைத்து ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தேன். அப்படி இல்லை. உனக்கு வலித்திருக்கிறது. திட்டியிருக்கிறாய். திட்டிக்கொண்டே கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். மாம்பழத்தின் இரண்டு பாதியும் போல. அதை உன்னால் செய்ய முடிந்தது என்றால், நடுங்கிக்கொண்டே படிப்பது என்னால் முடியாத காரியமா?

சனிக்கிழமை மாலை சாமியாருக்குப் போன் செய்தேன். என்ன பேசவேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டுதான். “சாமி, நாளைக்கு மன்றாட்ட நானே படிக்கட்டுங்களா?”

சாமியார் ஒருமுறை இருமினார். பிறகு, “படிங்க ஐயா. ஏழு தானுங்களே?” என்றார்.

“எட்டுங்க.”

இன்று காலை மேடை ஏறினேன். எதிர்பார்த்தபடியே பயம் வந்து பக்கத்தில் நின்றது. மூன்றாவது வரிசையில் நீ உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதில் போய் உட்காரச் சொன்னேன். மைக்கை நான் பிடித்துக்கொண்டேன்.

“திருச்சபைக்காக” என்ற இடத்தில் பழையபடி நின்றுவிடுவேனோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. குரல் நடுங்கிற்று, மெய்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சபை பதில் சொன்னபோது அடுத்த வரிக்கு மூச்சு கிடைத்தது. அவர்கள் பதில் சொல்லவே வந்திருக்கிறார்கள் என்று நீ சொன்னது சரி. எட்டாவதுக்கு வந்தேன். “நண்பன் வரவில்லை என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே, அவனுக்காகக் கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறவர்களுக்காக” என்றேன். அதற்குமேல் குரல் உடைந்துவிட்டது. ‘ஆண்டவரே’ என்று சொல்லவில்லை, ‘மன்றாடுகிறோம்’ என்றும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் பதில் சொன்னார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உன் மனைவியின் குரல்தான் முதலில் வந்தது.

வெளியே வந்ததும் செலினா, “மொத ஏழும் யாருக்கும் கேக்கல. எட்டாவது மட்டும் நல்லா கேட்டுது” என்றாள். அவள் சொன்னதைக் கேட்டேன். கேளாதவன்போல் இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உன் தாளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். லேமினேட் செய்துவிட்டதால் மடித்துப் பையில் வைக்க முடியவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். வழியில் நம் கோவில் உபதேசியார் வீடு இருக்கிறது அல்லவா, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பத்து நாளாகப் படுத்திருக்கிறார். பார்க்கப் போகவேண்டும், என்ன பேசுவது என்று இந்தப் பத்து நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று யோசிக்காமல் படியேறினேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“காபி குடிச்சீங்களா?” என்றேன்.

“இல்லீங்க, உக்காருங்க” என்றார்.

ஏரிக்கரைப் பாதையில் இப்போதும் போகிறேன். காலை நடைக்கு மட்டும்.